அறுந்தால் எஞ்சினை உடைக்கும் பட்டி

இலங்கையில் ‘டொல்பின்’ என்று அழைக்கப்படும் பழைய டொயோட்டா ஹையேஸ் வான்களில் பலவற்றுக்கு உயிர் கொடுப்பது ‘3எல்’ என்னும் 2.8 லீற்றர் டீசல் எஞ்சின். உழைப்புக்குப் பேர்போன இந்த எஞ்சினை நொடிப்பொழுதில் முடக்கக்கூடிய உறுப்பு ஒன்று அதன் முன்புற மூடிக்குள் ஓடுகிறது. அதுதான் டைமிங் பெல்ட் என்ற பல்வைத்த ரப்பர் பட்டி.

பிஸ்டன்கள் கிராங்க் தண்டைச் சுழற்றுகின்றன. காற்றை உள்ளே விடும் வால்வுகளையும் புகையை வெளியே விடும் வால்வுகளையும் திறப்பது மேலேயுள்ள கேம் தண்டு. கிராங்க் இரண்டு முறை சுழன்றால் கேம் ஒரு முறை சுழல வேண்டும். பட்டியின் பற்கள் இந்தக் கணக்கைப் பிசகாமல் காக்கின்றன. நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடும்போது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை ஏறத்தாழ 22 மடங்கு அழுத்தி, அந்த வெப்பத்திலேயே எரிபொருளைப் பற்றவைக்கிறார்கள். அதனால் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சும் இடம் மிகச் சொற்பம். திறந்த வால்வும் ஏறிய பிஸ்டனும் அந்த இடத்தை முறைவைத்தே பயன்படுத்துகின்றன. ஓர் உரலில் இருவர் மாறி மாறி மா இடிப்பது போன்றது இது. ஒருவர் உலக்கையை உள்ளேயே நிறுத்திவிட்டால் மற்றவரின் உலக்கை அதன்மேல்தான் விழும்.

பட்டி அறுந்ததும் கேம் அப்படியே நின்றுவிடும். சில வால்வுகள் திறந்தபடியே இருக்கும். ஆனால் கிராங்கோடு சுழலும் பறப்புச் சில்லின் (ஃப்ளைவீல்) வேகமும், கியரில் ஓடும் வானின் வேகமும் கிராங்கைத் தொடர்ந்து சுழற்றும். பிஸ்டன்கள் வால்வுகளை மோதும். வால்வுகள் வளையும், அவற்றின் வழிகாட்டிகள் வெடிக்கும், கேம் தண்டே முறியவும் கூடும். வால்வின் தலை உடைந்து சிலிண்டருக்குள் விழுந்தால் பிஸ்டனும் துளைபடும். சிலிண்டர் ஹெட்டைக் கழற்றாமல் தப்புவது அரிது.

இவ்வளவு ஆபத்திருந்தும் ரப்பரை ஏன் நம்பினார்கள்? இரும்புச் சங்கிலியைவிடப் பட்டி மலிவு, இலேசு. சத்தமும் குறைவு, எண்ணெயும் தேவையில்லை. பெருந்தொகையாகத் தயாரிக்கப்பட்ட கார்களில் இதை முதலில் கொண்டுவந்தது 1962இல் வெளியான ஜெர்மனியின் கிளாஸ் 1004. பட்டிக்குள் கண்ணாடியிழை நூல்கள் வலுச் சேர்க்கின்றன. ஆனாலும் வெப்பம், வயது, கசியும் எண்ணெய் மூன்றும் ரப்பரை அரிக்கின்றன. பெரும்பாலும் எந்தச் சத்தமோ அறிகுறியோ இல்லாமலே அது அறுந்துபோகிறது.

அதனால்தான் இந்த வான்களின் டாஷ்போர்டில் 100,000 கிலோமீற்றரில் ‘டி-பெல்ட்’ விளக்கு எரிகிறது. அந்த விளக்கு ஓடிய தூரத்தை மட்டுமே எண்ணுகிறது. பட்டியின் நிலையை அது அறியாது. பட்டியை மாற்றாமலே விளக்கை மட்டும் அணைத்துவிடவும் முடியும். ஆகவே விளக்கு எரியாததை நம்பிப் பழைய வானை வாங்க வேண்டாம்.

ஓட்டத்தில் எஞ்சின் திடீரென நின்று, ஸ்டார்ட்டர் வழக்கத்தைவிட இலகுவாகச் சுழன்றால் பட்டி அறுந்திருக்கலாம். மீண்டும் மீண்டும் சாவியைத் திருப்பாதீர்கள். ஒவ்வொரு சுற்றும் சேதத்தைக் கூட்டும். பட்டியின் வரலாறு தெரியாத வானை வாங்கினால், முதல் வேலையாகப் பட்டியையும் அதை இறுக்கிப் பிடிக்கும் உருளையையும், எண்ணெய் கசியும் சீல்களையும் ஒன்றாக மாற்றிவிடுங்கள். எஞ்சினைப் பிரித்துக் கட்டும் செலவோடு பார்த்தால் இது மிகச் சிறிய தொகை.