கத்தி மட்டும் இல்லாத சடங்கு

முன்பெல்லாம், கென்யாவின் தெற்கே, கிளிமாஞ்சாரோ மலையைப் பார்த்தபடி வாழும் மாசாய் குடும்பங்களில் பெண் பிள்ளைக்குப் பத்து, பன்னிரண்டு வயதானாலே சடங்குப் பேச்சு எழுந்துவிடும். உறவு கூடும், விருந்து நடக்கும். விடிகாலையில் பிள்ளையின் மேல் குளிர்ந்த நீரை ஊற்றிப் பிறப்புறுப்பை அறுப்பார்கள். மயக்க மருந்து கிடையாது. கத்தினால் குடும்பத்துக்குத் தலைகுனிவு. ரத்தம் நிற்காமல் செத்தவர்கள் உண்டு. பிழைத்தவர்களுக்குப் பிரசவம் ஒரு கண்டம். அறுபட்டவள் பெரியவள். அடுத்து கல்யாணம், பிறந்த வீட்டுக்குப் பரிசமாக மாடுகள். பள்ளிக்கூடம் அத்தோடு சரி.

நைஸ் லெங்கெட்டே 1991-ல் அங்கே பிறந்தவர். தாய் தந்தையை இழந்தவர். சிறுமியாக இருந்தபோது, தன் சடங்கு நாளில் அக்காவோடு ஓடிப்போய் மரத்தில் ஒளிந்தார். பிடித்து வந்து அடித்தார்கள். அடுத்த முறை அக்கா அறுபட்டார். நைஸ் மறுபடியும் ஓடினார். கடைசியில் தாத்தா விட்டுக்கொடுத்தார், பேத்தி படித்தாள்.

வளர்ந்தபின், அறுப்பதை நிறுத்தச் சொல்லி ஊரோடு பேசப் போனார். பெரியவர்கள் கூடும் இடத்தில் பெண் வாய் திறப்பது வழக்கமில்லை. அதனால் மொரான்கள் எனப்படும் இளைஞர்களிடம் பேச்சைத் தொடங்கினார். ஆண்டுக்கணக்கில் பேசிய பிறகு, தலைமையின் அடையாளமான கறுப்புக் கோலைப் பெரியவர்களே அவர் கையில் கொடுத்தார்கள்.

இன்று அவரைப் போன்ற இளம்பெண்களும் ஆம்ரெஃப் என்ற சுகாதார அமைப்பும் நடத்தும் மாற்றுச் சடங்கில் பாட்டு உண்டு, மணிமாலை உண்டு, பெரியவர்கள் ஆசியும் உண்டு. உடல்நலமும் உரிமையும் சொல்லித்தருகிறார்கள். கத்தி மட்டும் இல்லை. பெரியவளான பெண் பள்ளிக்கே திரும்புகிறாள்.

நாடு முழுவதும் பார்த்தால், 15 முதல் 49 வயதுப் பெண்களில் அறுபட்டவர்கள் 1998-ல் 38 விழுக்காடு, 2022-ல் 15. ஆனால் 2014 கணக்கில் மாசாய் பெண்களிடையே அது 78. அறுப்பதைத் தடைசெய்து 2011-ல் வந்த கடும் சட்டத்துக்குப் பயந்து சிலர் விருந்தில்லாமல், இன்னும் சின்ன வயதிலேயே, எல்லை தாண்டி தான்சானியாவுக்குக் கொண்டுபோயும் அறுக்கிறார்கள்.

சட்டம் இல்லாமல் முடியாது. சட்டம் மட்டும் போதாது. அறுக்காத பெண்ணை யார் கட்டுவார் என்ற பயம் தாய்மார்களுக்கு இருக்கும்வரை கத்தி எங்காவது ஒளிந்திருக்கும். நாளைய மாப்பிள்ளைகளான மொரான்கள் ‘நாங்கள் கட்டுகிறோம்’ என்று சொல்லும் ஊரில்தான் அந்தப் பயத்துக்கு வேலையில்லை.