இரண்டு களஞ்சியங்கள்



பொத்துவில் நகருக்குச் சற்றுத் தெற்கே அமைந்துள்ளது அறுகம்குடா. ஏப்ரல், மே மாதங்கள் தொடக்கம் ஒக்டோபர் வரை, அலைச்சறுக்கு விளையாட்டுக்காக உலகின் பல பாகங்களிலிருந்தும் மக்கள் அங்கு வருகின்றனர். விடுதி நடத்துவோர், சமையற்காரர், முச்சக்கரவண்டி ஓட்டுவோர் எனப் பல குடும்பங்களுக்கு அந்த மாதங்களே அறுவடைக் காலம். வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும் வருமானம் வற்றிவிடும். ஆறு மாத உழைப்பில் பன்னிரண்டு மாதம் வாழவேண்டும் என்பதை அம்மக்களுக்கு எவரும் போதிக்கத் தேவையில்லை, மழையே போதித்துவிடுகின்றது.

நம் ஒவ்வொருவருடைய தொழில் வாழ்வும் இத்தகைய ஒரு பருவமே. கை நிறைய உழைக்கக்கூடிய ஆண்டுகள் சிலவே. அதே ஆண்டுகளில்தான் நம் பிள்ளைகளும் வளர்கின்றார்கள். பணத்தைச் சேர்க்க வேண்டிய காலமும் பிள்ளைகளோடு இருக்க வேண்டிய காலமும் ஒன்றாகவே வந்து அமைகின்றன. குடும்ப வாழ்வின் பெரிய நெருக்கடி இதுவன்றோ?

மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்துத் திருமணம் செய்து வைப்பது, கிழக்கிலங்கையின் தமிழ், முஸ்லிம் சமூகங்கள் இரண்டிலும் வேரூன்றிய வழக்கம். அந்த வீட்டுக்காகத் தந்தை கட்டாருக்கோ சவூதிக்கோ செல்கின்றார். சில குடும்பங்களில் தாயே செல்கின்றார். பொருளாதார நெருக்கடி மிகுந்த 2022ஆம் ஆண்டில் மட்டும் மூன்று இலட்சத்துக்கும் அதிகமான இலங்கையர் வேலை தேடி வெளிநாடு சென்றனர். கடனும் பசியும் துரத்தும்போது புறப்பட்டவரைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. ஆயினும், அத்திவாரம் இட்டபோது தவழ்ந்துகொண்டிருந்த மகள், கூரை வேயும்போது குமரியாகி நிற்கின்றாள். வீட்டின் ஒவ்வொரு மூலையும் அவளுக்குத் தெரியும். தந்தையைத் தொலைபேசியில் மட்டுமே தெரியும்.

திருவிவிலியம் களஞ்சியம் கட்டிய இருவரை நம்முன் நிறுத்துகின்றது. ஒருவர் லூக்கா நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்தில் வரும் செல்வன். விளைச்சல் பெருகியதும் பழைய களஞ்சியங்களை இடித்துப் பெரியவற்றைக் கட்டத் திட்டமிடுகின்றான். அவன் பேசுவதெல்லாம் தன் நெஞ்சோடு மட்டுமே. அந்த உவமையில் மனைவியின் குரல் இல்லை, பிள்ளையின் பெயர் இல்லை, அயலானின் நிழல்கூட இல்லை. அன்றிரவே அவன் உயிர் பிரிகின்றது.

மற்றவர், தொடக்க நூல் கூறும் யோசேப்பு. பார்வோன் முன் நின்றபோது அவருக்கு வயது முப்பது. ஏழு செழிப்பான ஆண்டுகளில் விளைச்சலில் ஐந்திலொரு பங்கைச் சேர்த்து வைத்து, பின்வந்த ஏழு ஆண்டுப் பஞ்சத்தில் ஒரு நாட்டையே காத்தார். இங்கே நாம் எளிதில் கடந்துவிடும் ஒரு செய்தி உண்டு. பஞ்சம் வருவதற்கு முன்பே அவருக்கு மனாசே, எப்ராயிம் என்னும் இரு புதல்வர்கள் பிறந்தார்கள் என 41ஆம் அதிகாரம் குறிப்பிடுகின்றது. நாடெங்கும் தானியம் குவித்த அதே ஆண்டுகளில் அவர் வீட்டில் தொட்டிலும் ஆடியது. களஞ்சியம் நிறைந்த பின் குடும்பத்தைக் கவனிப்போம் என்று அவர் காத்திருக்கவில்லை.

அன்பர்களே, சேமிப்பு பேராசையன்று, அது பொறுப்பு. 1891இல் திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் வெளியிட்ட ‘ரேரும் நோவாரும்’ என்னும் சுற்றுமடல், குடும்பத்தைப் பேணிச் சிறிது மிச்சம்பிடிக்கவும் இயலுமான கூலியைத் தொழிலாளிக்கு விரும்பியது. நம் நாட்டின் ஊழியர் சேமலாப நிதியில் ஊழியர் 8 வீதமும் தொழில்தருநர் 12 வீதமும் செலுத்துகின்றனர். இரண்டையும் கூட்டினால் 20 வீதம், அதாவது சம்பளத்தின் ஐந்திலொரு பங்குக்குச் சமம். யோசேப்பின் அளவும் அதுவே! ஆனால் சொந்தமாக முச்சக்கரவண்டி ஓட்டுபவருக்கும் கடற்றொழிலாளிக்கும் 12 வீதம் சேர்க்க முதலாளி எவருமில்லை. ஆகவே, பருவகாலத்தில் கைக்கு வரும் பணத்தில் ஒரு பங்கைச் செலவுக்கு முன்பே ஒதுக்கிவிடுவது அவர்களுக்கு இன்னும் அவசியம். 2004இன் சுனாமி, 2019இன் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்கள், 2020இன் பெருந்தொற்று, பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்ட 2022 என, பஞ்ச ஆண்டுகள் சொல்லிக்கொண்டு வருவதில்லை என்பதை இக்கரையோரம் நன்கறியும்.

எனினும் சேமிப்புக்கும் எல்லை வேண்டும். எவ்வளவு போதும் என்பதைக் கணவனும் மனைவியும் ஒன்றாக அமர்ந்து தீர்மானியுங்கள். வெளிநாடு செல்வதாயின், எத்தனை ஆண்டுகள் என்பதைப் புறப்படுமுன்னரே குறித்து வையுங்கள். வீடு எழுந்த பின் மதில், மதிலுக்குப் பின் மேல்மாடி என்று அந்த எல்லையை நகர்த்தாதீர்கள். அனுப்பும் பணத்துக்கு வீட்டார் கணக்கு எழுதட்டும். உள்ளூரில் உழைப்பவர், ஞாயிறு திருப்பலியையும் இரவு உணவையும் குடும்பத்துக்கே உரியவையாகக் காத்துக்கொள்ளட்டும். நம் அயலவரான முஸ்லிம் சகோதரர்கள், ஓராண்டு கடந்த சேமிப்பில் இரண்டரை வீதத்தை ஸகாத்தாக ஏழைகளுக்கு வழங்குகின்றனர். சேமித்ததில் பிறருக்கும் பங்குண்டு என்னும் அந்த உணர்வு நம்மிடமும் வளர வேண்டும்.

வங்கியில் இட்ட பணத்தைப் பத்து ஆண்டுகளின் பின்பும் மீளப் பெறலாம். ஆறு வயது மகனின் மாலைப்பொழுதைப் பத்து ஆண்டுகளின் பின் எந்த வங்கியும் திருப்பித் தராது. இன்றிரவு உங்கள் வரவு செலவுக் கணக்கைப் பார்க்கும்போது, இவ்வாரம் பிள்ளைகளோடு எத்தனை மணிநேரம் இருந்தோம் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். யோசேப்புக்கு ஞானம் அருளிய ஆண்டவர், உங்கள் களஞ்சியத்தையும் இல்லத்தையும் ஒருங்கே நிறைவாக்குவாராக!