அப்பாவின் பழைய புல்லட்டை வெட்டலாமா? பட்டறைக்குப் போகும் முன் யோசிங்க!

'டப்.. டப்.. டப்..' தெருமுனையில் சத்தம் கேட்கும்போதே வருவது யார் என்று வீட்டில் தெரிந்துவிடும். அதுதான் பழைய புல்லட்! அப்பா, தாத்தா ஓட்டிவிட்டு மாடிப்படிக்கு அடியில் போட்டு வைத்த வண்டிகளை இப்போது பேரன்மார் தூசி தட்டி பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். அங்கே முதல் கேள்வியே இதுதான். பழசு மாதிரியே ரெடி பண்ணுவதா, இல்லை பின்பக்கத்தை வெட்டி 'பாபர்' ஆக்குவதா?

1955-ல் சென்னையில் தொடங்கிய என்பீல்டு இந்தியா கம்பெனி, திருவொற்றியூரில் தயாரித்த வண்டி இது. பழைய மாடலில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். ஹெட்லைட்டுக்கு மேலே ஆம்பியர் மீட்டர். அதன் முள்ளை நடுவுக்குக் கொண்டு வந்து, டிகம்ப்ரசர் லீவரைப் பிடித்து, மெதுவாக ஒரு மிதி, அப்புறம்தான் ஓங்கி ஒரு உதை. தப்பினால் கிக்கர் திருப்பி அடிக்கும். அப்படி ஒரு அடிகூட வாங்காத புல்லட்காரர் ஊரில் உண்டா?

பார்ட்ஸ் வேட்டை

ஒரிஜினலாகக் கொண்டு வருவது லேசுப்பட்ட வேலை இல்லை. பழைய மட்கார்டு, டூல் பாக்ஸ், மீட்டர் என்று புதுப்பேட்டையிலும் காயலான் கடைகளிலும் மாசக்கணக்கில் அலைய வேண்டும். பெட்ரோல் டேங்கில் கையாலேயே தங்கநிறக் கோடு இழுக்கும் பெயின்டரும் லேசில் கிடைக்க மாட்டார்.

வெட்டுகிறவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. பழைய டிரம் பிரேக்கை நம்பி இன்றைய டிராபிக்கில் போவது பயம்தான். ஆனால் பல பட்டறைகளில் பிரேக்கோடு வேலை நிற்பதில்லை. பிரேமின் வாலை அறுத்து, தடித்த டயர் போட்டு, குட்டை சைலன்சர் மாட்டி, சிங்கிள் சீட் வைத்து அனுப்பிவிடுகிறார்கள். வீட்டம்மாவை எங்கே உட்கார வைப்பதாம்?

ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5 ஆயிரம்!

ஆர்.சி. புக்கில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு திருத்தப்பட்ட சட்டப்படி, அனுமதி இல்லாமல் செய்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம், அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும்கூட உண்டு. இதற்குப் பொறுப்பு வண்டி ஓனர்தான். பிரேம் கழுத்தில் இருக்கும் சேசிஸ் நம்பர் கிரைண்டரிலோ, பெயின்டிலோ மறைந்துபோனால் ஆர்.டி.ஓ. ஆபீசில் தனி ரோதனை.

இன்னொரு நஷ்டமும் இருக்கிறது. பதிவாகி 50 வருஷம் தாண்டிய டூவீலருக்கும் காருக்கும் 'விண்டேஜ்' அந்தஸ்து தர மத்திய அரசு 2021-ல் விதி கொண்டு வந்தது. நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' எழுத்து வரும். புதுப் பதிவுக்கு ரூ.20 ஆயிரம், 10 வருஷம் செல்லும். ஆனால் சேசிஸ், பாடி, இன்ஜினில் கைவைத்த வண்டிக்கு இது கிடையாது. அறுத்த பிரேமை மறுபடி வெல்டிங் வைத்தாலும் ஒரிஜினல் ஆகிவிடாது.

அதற்காக எல்லோரும் விண்டேஜுக்கு ஓடவும் வேண்டாம். அந்த வண்டியை கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, ரிப்பேர் மாதிரி காரியங்களுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். தினம் வேலைக்குப் போகிற வண்டி என்றால் சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொள்வதுதான் லாயக்கு.

மாற்றியே தீருவேன் என்பவர்கள் ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்டுவிட்டு, போல்ட் போட்டுக் கழற்றி மாட்டுகிற வேலையோடு நிறுத்திக்கொள்ளலாம். கழற்றிய பழைய பாகங்களை பட்டறையிலேயே விட்டுவிடாமல் சாக்குப்பையில் கட்டி பரணில் போட்டு வைப்பது நல்லது.

ஆர்.எக்ஸ்.100 வைத்திருப்பவர்களும் கவனிக்கணும். 1985-ல் வந்த அந்த வண்டிக்கு 2035-ல்தான் 50 வயசு ஆகிறது.