மண்டியிட வேண்டியவர் யார்?

தீண்டத்தகாதோராக ஒதுக்கப்பட்ட புராக்கு மக்களின் இழிநிலையை ஜப்பானிய அரசு 1871இல் சட்டத்தால் நீக்கியது, சமூகம் நீக்கவில்லை. ஷிமாசாகி தோசோன் 1906இல் வெளியிட்ட ‘ஹகாய்’ நாவல் அந்த இடைவெளியையே பேசுகிறது. பிறப்பை எவரிடமும் சொல்லாதே என்பது பள்ளி ஆசிரியர் உஷிமாட்சுவுக்குத் தந்தை இட்ட கட்டளை. மகன் மீதான அன்பே வாய்ப்பூட்டாகிறது. தம் சமூகத்துச் சிந்தனையாளர் ரென்தாரோ கொல்லப்பட்டபின் அவரது மௌனம் உடைகிறது. உண்மையறிந்தும் ஓஷிஹோ அவரை ஏற்கிறாள். ஆயினும், மறைத்ததற்காக மாணவர்முன் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்கிறார். டெக்சாஸ் செல்லப் புறப்படுகிறார். மன்னிப்புக் கேட்க வேண்டியோர் ஒதுக்கியவர்கள் அல்லவா? 1922இல் கியோத்தோவில் புராக்கு மக்களே தொடங்கிய சுயிஹெய்ஷா இயக்கம் மண்டியிடவில்லை. தம் பிறப்பைப் பெருமையுடன் அறிவித்து மனித மாண்பைக் கோரியது.