மெதுவாகப் போக எவ்வளவு செலவாகும்?

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப்பில் ஒரு தடவை உட்கார்ந்து வந்தவருக்கு ராக் கிராலர் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. கொழுக்குமலை தேனி மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் ஜீப் பாதை இடுக்கிப் பக்கமிருந்துதான். டிரைவர் ஃபோர் வீலைப் போட்டு, லோ கியரில் வைத்து, ஆக்சிலேட்டரைத் தொட்டும் தொடாமலும் ஒவ்வொரு கல்லாக வண்டியை ஏற்றுவார். அங்கே அவசரப்பட்டால் வண்டி குதிக்கும், சறுக்கும், கடைசியில் ஆக்சில் போகும். இதே வேலையைக் கையளவு வண்டியில், ரிமோட்டை வைத்துக்கொண்டு செய்வதுதான் கிராலர் ஓட்டுவது. ரேஸ் கார் வாங்கினால் ஓட்டுவதற்குச் சமதளம் தேட வேண்டும். இங்கே தேவிகுளம் மலையில் அதற்கு எங்கே போவது? கிராலருக்கு வீட்டுப் பின்புறத்து மேடும் நாலு கல்லும் போதும்.

வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது “எவ்வளவு ஸ்பீடு போகும்?” என்றுதான். விற்கிறவரும் உற்சாகமாக ஒரு எண்ணைச் சொல்வார். அந்த எண்ணை மறந்துவிடுங்கள். நல்ல கிராலர் மனிதன் நடக்கும் வேகத்தில் போனாலே அதிகம். எவ்வளவு மெதுவாக, விட்டு விட்டு இழுக்காமல், நகர்கிறது என்பதில்தான் உங்கள் காசு இருக்கிறது.

“ராக் கிராலர்” என்று பெட்டியில் அச்சடித்து ஆயிரம், ஆயிரத்தைந்நூறுக்கு விற்கும் வண்டிகளை எல்லோரும் பார்த்திருப்போம். பெரிய டயர், பளபளக்கும் சஸ்பென்ஷன் ஸ்பிரிங் எல்லாம் இருக்கும். ரிமோட்டில் பட்டனை அழுத்தினால் முழு வேகம், விட்டால் நின்றுவிடும். நடுவில் எதுவும் கிடையாது. ஸ்டீயரிங்கும் அப்படியே, நேர் அல்லது ஒரேயடியாக ஒடிப்பு. ஆறு வயதுப் பிள்ளைக்கு அது நல்ல விளையாட்டுச் சாமான், குறை சொல்ல ஒன்றுமில்லை. பாறை ஏற்றிப் பழக மட்டும் உதவாது. விரல் அழுத்தும் அளவுக்குத் தக்கபடி வேகமும் திருப்பமும் மாறும் வண்டிதான் உங்களுக்கு வேண்டும். விளம்பரத்தில் “புரொபோர்ஷனல்” என்று போட்டிருப்பார்கள். வேகத்துக்கு மட்டும் அப்படி வைத்துவிட்டு ஸ்டீயரிங்கில் கைவிரித்துவிடும் வண்டிகளும் உண்டு. அதனால் வண்டி கையில் கிடைத்தால் ரிமோட்டின் ஸ்டீயரிங்கைக் கால்வாசி திருப்பிப் பாருங்கள். முன்சக்கரமும் கால்வாசி திரும்பி அங்கேயே நிற்க வேண்டும்.

அடுத்த சோதனைக்கு ரிமோட்டே வேண்டாம். வண்டியைத் தூக்கிப் பிடித்து, முன் ஆக்சிலில் ஒரு சக்கரத்தைக் கையால் லேசாகச் சுற்றுங்கள். மறு சக்கரமும் அதே திசையில் சுற்றினால் ஆக்சில் லாக் ஆனது. எதிர்த் திசையில் சுற்றினால் உள்ளே சாதாரண காரில் இருப்பது போன்ற டிஃபரன்ஷியல் இருக்கிறது. பாறை மேல் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது அந்த டிஃபரன்ஷியல் சுழற்சியையெல்லாம் தொங்கும் சக்கரத்துக்கே கொடுக்கும். கல்லைப் பிடித்திருக்கும் சக்கரம் சும்மா நிற்கும். கிராலருக்கு முன்னும் பின்னும் லாக் ஆகியிருப்பதுதான் நல்லது. திருப்பும்போது வட்டம் கொஞ்சம் பெரிதாகும், பரவாயில்லை.

மூன்றாவதாக, ஒரு பலகையைச் சாய்த்து வண்டியைப் பாதி ஏற்றிவிட்டு, விரலை எடுத்துவிடுங்கள். வண்டி நின்ற இடத்தில் நின்றால் அதன் ஸ்பீடு கன்ட்ரோலரில் டிராக் பிரேக் இருக்கிறது. பின்னால் உருண்டு வந்தால் ஒவ்வொரு பாறையிலும் இதே கதைதான்.

அளவைப் பற்றி. 1/10, 1/18, 1/24 என்று எழுதியிருப்பது அசல் வண்டியில் எத்தனையில் ஒரு பங்கு என்பதைச் சொல்கிறது. நாலு மீட்டர் ஜீப் 1/10-ல் நாற்பது சென்டிமீட்டர், 1/18-ல் இருபத்திரண்டு, 1/24-ல் பதினேழு. ஆக்சியல் நிறுவனத்தின் எஸ்சிஎக்ஸ்24 கடைசி ரகம். டிராக்சஸ் 2022-ல் கொண்டுவந்த டிஆர்எக்ஸ்-4எம் நடு ரகம். அதே நிறுவனம் 2017-ல் வெளியிட்ட டிஆர்எக்ஸ்-4 பெரிய ரகம். அதில் ரிமோட்டிலிருந்தே ஆக்சிலை லாக் செய்யலாம், கியர் மாற்றலாம், விலையும் அதற்குத் தக்கபடி. மலைப் பாறைக்குப் பெரிய வண்டிதான் சரி என்று தோன்றும். என் கட்சி வேறு. சின்ன வண்டிக்கு ஒரு செங்கல்லே குன்று. மழை பிடித்துக்கொண்டால் நாலு கல்லை வீட்டுக்குள் கொண்டுவந்து போட்டு ஓட்டலாம். விழுந்தாலும் எடை குறைவென்பதால் அதிகம் உடையாது, பேட்டரியும் விலை குறைவு. ஆனால் புல்லும் சேறும் அதற்கு ஆகாது. தேயிலைச் செடிக்கடியில் உதிர்ந்து கிடக்கும் கவாத்துக் குச்சியிலேயே 1/24 வண்டி சிக்கிக்கொள்ளும். வெளியில்தான் ஓட்டப்போகிறேன் என்பவருக்கு 1/18-ஐவிடச் சிறிய வண்டி வேண்டாம்.

இனி விலை. வெளிநாட்டு விலையைப் பார்த்து மனக்கணக்குப் போட்டு ஏமாறுகிறவர்கள் அதிகம். பொம்மைகளுக்கான இறக்குமதி வரியை மத்திய அரசு 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கியது, 2023-ல் 70 ஆக்கியது. அமெரிக்காவில் 150 டாலர் அளவில் விற்பனைக்கு வந்த டிஆர்எக்ஸ்-4எம், டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்தால் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம். வரியும் ஜிஎஸ்டியும் ஏறினால் இருபதாயிரத்தைத் தாண்டிவிடும், கப்பல் கூலியும் கடைக்காரர் லாபமும் இன்னும் சேரவில்லை. கைக்காசு குறைவாக இருப்பவர்களுக்கு அதனால்தான் டபிள்யூபிஎல், எம்என் போன்ற சீன வண்டிகள் முதல் படியாக அமைகின்றன. இரும்புச் சாமானைவிட பிளாஸ்டிக் அதிகம். ஆனால் உதிரிபாகம் மலிவு, கழற்றி மாட்டிப் பழகலாம்.

அப்படிப்பட்ட வண்டிகளில் ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். ஸ்டீயரிங்கைத் திருப்பும் சின்ன மோட்டார்ப் பெட்டிக்கு சர்வோ என்று பெயர். ஹாபி உலகில் எல்லோரும் பயன்படுத்தும் சர்வோவுக்கு மூன்று ஒயர். மலிவு வண்டிகள் பலவற்றில் ஐந்து ஒயர் சர்வோ வரும். அதை ஓட்டும் மூளை ரிசீவர் போர்டிலேயே இருக்கும். கல்லுக்கிடையில் சக்கரம் மாட்டி முதலில் போவது சர்வோதான். ஐந்து ஒயர் சர்வோ போனால் அதே மாடல் சர்வோவைத் தேட வேண்டும். வலுவான வேறொன்றைப் போட நினைத்தால் ரிசீவர், கன்ட்ரோலர், ரிமோட் எல்லாவற்றையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும். விலையில் சிறு வித்தியாசம்தான் என்றால், மூன்று ஒயர் உள்ளதையே எடுங்கள்.

கையிலிருக்கும் பணம் முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிடாதீர்கள். ஐந்தில் ஒரு பங்காவது இன்னொரு பேட்டரிக்கும் ஒழுங்கான சார்ஜருக்கும் ஒதுக்கி வையுங்கள். இரண்டு செல் லிப்போ பேட்டரியில் ஒவ்வொரு செல்லும் நிறைந்தால் 4.2 வோல்ட்; 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கெட ஆரம்பிக்கும்; வாரக்கணக்கில் சும்மா வைப்பதென்றால் 3.8 அளவில் வைக்க வேண்டும். இரண்டு செல்லையும் தனித்தனியாகப் பார்த்துச் சமன்செய்யும் பேலன்ஸ் சார்ஜர் இதற்கெல்லாம் உதவும். மூணாறு பக்கத்தில் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் விடியற்காலைகள் உண்டு. அந்தக் குளிரில் பேட்டரி சீக்கிரம் சோர்ந்துவிடும். பூஜ்ஜியத்துக்குக் கீழே குளிர்ந்த பேட்டரியைச் சார்ஜ் போட்டால் உள்ளே நிரந்தரமாகக் கெடும், அறைக்குள் வைத்து இளஞ்சூடான பிறகு போடுங்கள். பழைய வண்டி வாங்கும்போது பேட்டரி உப்பியிருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

“வாட்டர்புரூஃப்” என்ற வார்த்தை எலக்ட்ரானிக்ஸுக்கு மட்டும்தான் பொருந்தும். பேரிங் துருப்பிடிக்கும், மோட்டாருக்குள் சேறு போனால் பிரஷ் தேயும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இங்கே ஈரத்தில்தான் ஓட்ட வேண்டியிருக்கும். ஓட்டி முடித்ததும் பேட்டரியைக் கழற்றி, துணியால் துடைத்து, அடுப்பங்கரையில் காயவைத்தால் போதும். உங்கள் காலில் அட்டை ஏறியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓட்டும் இடத்துக்கு, எஸ்டேட் நிலமென்றால் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. இரவிகுளம், மதிகெட்டான்சோலை தேசியப் பூங்காக்களின் பக்கம் வண்டியை எடுத்துப் போக வேண்டாம். கேப் ரோட்டோரப் பாறைகள் ஆசை காட்டும். மண் சரிந்து பழகிய இடம், பின்னால் லாரி வேறு.

வண்டி வந்த மறுநாளே மோட்டாரை மாற்றத் தோன்றும். வலுவான மோட்டார் வேகத்தைக் கூட்டி, பிளாஸ்டிக் கியரைத் தின்னும். முதலில் டயரைப் பாருங்கள். நகத்தால் அழுத்தினால் குழியாமல் கல்லாக இருக்கும் டயர் ஈரப்பாறையில் பிடிக்காது. அதே அளவில் மென்மையான ரப்பர் டயர் வாங்கி மாட்டுங்கள். அடுத்தது எடை. பித்தளை வீல், பித்தளை ஆக்சில் மூடி என்று விற்பதெல்லாம் வண்டியின் பாரத்தைக் கீழே இறக்கி, கவிழாமல் வைக்கத்தான். அதைவிட மலிவான வழி, டயர் கடையில் வீல் பேலன்ஸிங்குக்கு ஒட்டும் ஐந்து, பத்து கிராம் துண்டுகள். அவற்றைச் சக்கரத்தின் உட்புறத்தில் வட்டமாக ஒட்டலாம். முன்சக்கரத்தில் கொஞ்சம் கூடுதலாக ஒட்டுங்கள். செங்குத்தில் முன்பக்கம் தூக்கிக்கொண்டு மல்லாக்க விழுவது குறையும். ஈயத் துண்டானால் கையைக் கழுவிக்கொள்ளுங்கள், சின்னப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். கூரையில் லக்கேஜ் கேரியர், ஸ்டெப்னி, ஜெர்ரி கேன் என்று மாட்டி அழகு பார்க்கும் ஆசையைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடுங்கள். கீழே ஒட்டிய எடையின் பலனை அவை மேலே உட்கார்ந்து கெடுத்துவிடும்.