கொடியின் நிறங்களை மட்டும் கற்பித்தால் போதுமா?

ஒவ்வொரு வருடமும் பெப்ரவரி 4 ஆம் திகதியை முன்னிட்டு நமது பாடசாலைகளில் தேசியக் கொடி ஏற்றப்படுகிறது, தேசிய கீதம் இசைக்கப்படுகிறது. பச்சை நிறம் முஸ்லிம்களையும் செம்மஞ்சள் நிறம் தமிழர்களையும் குறிக்கும் என்று பிள்ளைகள் தடுமாறாமல் சொல்வார்கள். அந்த நிறங்கள் எப்படிக் கொடியில் இடம்பிடித்தன என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது. அதை நாம் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

1948 இல் ஏற்றப்பட்டது சிங்கக் கொடி. அதில் ஏனைய சமூகங்களுக்கு இடமில்லை என்ற கேள்வி எழுந்ததால், கொடியைத் தீர்மானிக்க ஒரு குழு நியமிக்கப்பட்டது. அதில் டி.பி. ஜாயாவும் ஜீ.ஜீ. பொன்னம்பலமும் செனட்டர் எஸ். நடேசனும் இருந்தார்கள். இரு நிறப் பட்டைகளும் சிங்கத்தின் சட்டத்துக்கு வெளியே வைக்கப்பட்டதை நடேசன் ஏற்கவில்லை. இறுதியில் 1951 இல்தான் கொடி அங்கீகரிக்கப்பட்டது. இந்த நாட்டில் எல்லோருக்கும் இடம் உண்டா, அந்த இடம் எங்கே என்ற விவாதத்தின் விளைவே இன்று நாம் காணும் கொடி. இதைத் தெரிந்துகொண்டு கொடியைப் பார்க்கும் பிள்ளைக்கு அது வெறும் துணியாகத் தெரியாது.

சுதந்திரத்தின் அடிப்படை வாக்குறுதி சமத்துவம். சோல்பரி அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவு, ஏனைய சமூகங்களுக்கு இல்லாத ஒரு தடையை ஒரு சமூகத்தின் மீதோ மதத்தின் மீதோ சுமத்தும் சட்டத்தை இயற்றக்கூடாது எனப் பாராளுமன்றத்தைக் கட்டுப்படுத்தியது. 1945 நவம்பரில் அரசாங்க சபையில் டொமினியன் அந்தஸ்துக்கான யோசனை வந்தபோது, கொழும்பு ஸாஹிராவின் அதிபராக இருந்த ஜாயா, சமூக நலனைவிட நாட்டின் விடுதலையை முன்வைத்து அதை ஆதரித்தார். அது நம்பிக்கையின் மீது எடுக்கப்பட்ட முடிவு.

அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் காப்பாற்றப்பட்டது என்பதையும் பிள்ளைகள் அறிய வேண்டும். 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இலட்சக்கணக்கான மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. அது 29 ஆம் பிரிவை மீறுவதாகத் தொடுக்கப்பட்ட வழக்கு 1953 இல் பிரித்தானிய கோமறைக் கழகத்தில் தோற்றது. 1972 அரசியலமைப்பில் அந்தப் பிரிவே இல்லாமல் போனது. 1978 அரசியலமைப்பு 10 ஆம் உறுப்புரையில் மத, மனச்சாட்சிச் சுதந்திரத்தையும், 12 ஆம் உறுப்புரையில் சட்டத்தின் முன் சமத்துவத்தையும் உறுதிப்படுத்தியது.

கொவிட் காலத்தில் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டபோது நமது சமூகம் நாடியது இந்த உறுப்புரைகளைத்தான். 2020 டிசம்பர் 1 ஆம் திகதி அந்த மனுக்கள் உயர் நீதிமன்றத்தில் பெரும்பான்மை முடிவால் விசாரணைக்கு எடுக்கப்படாமலே தள்ளுபடியாகின. 2021 பெப்ரவரியில்தான் அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. அன்று சிறுவர்களாக இருந்தவர்கள் இன்று வாக்காளர்களாகி வருகிறார்கள். "இந்தச் சட்டங்களால் என்ன பயன்?" என்று அவர்கள் கேட்டால் அதை நாம் குறை சொல்ல முடியாது. ஆனால் பதில் சொல்லாமல் விடவும் முடியாது.

அதற்கான பதில் இதுதான்: எழுதப்பட்ட இலட்சியம் தானாக நடைமுறைக்கு வராது. அதே நேரம், அது எழுதப்பட்டிருந்ததால்தான் நடந்ததை அநீதி என்று பெயர் சொல்லி எதிர்க்க முடிந்தது. அளவுகோல் இல்லாத இடத்தில் குறையை அளக்கவும் முடியாது.

இதைக் கற்பிக்கப் பெரிய திட்டங்கள் தேவையில்லை. முதலாவது, 10, 12 ஆம் உறுப்புரைகளைத் தமிழிலேயே பிள்ளைகளுடன் சேர்ந்து வாசிக்கலாம். அடிப்படை உரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தை நாடலாம் என்பதை அவர்கள் அறிந்திருக்க வேண்டும். இரண்டாவது, மற்றவர்களின் காயங்களையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். 1990 இல் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதைத் தமிழ்ப் பிள்ளைகள் அறிய வேண்டும் என எதிர்பார்க்கும் நாம், மலையக மக்களின் பிரஜாவுரிமை பறிபோன கதையை நமது பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோமா? மூன்றாவது, 28 ஆம் உறுப்புரை மற்றவர்களின் உரிமைகளை மதிப்பதை ஒவ்வொருவரின் கடமையாகக் கூறுகிறது. அயலவரைப் பற்றி நாம் வீட்டில் பேசும் விதமே அந்தக் கடமைக்கான முதல் பாடம்.

சமத்துவத்தை நமக்காக மட்டும் கேட்கும் தலைமுறை அதைச் சலுகையாகத்தான் புரிந்துகொள்ளும். எல்லோருக்குமாகக் கேட்கும் தலைமுறையே அதை நாட்டின் இலட்சியமாக நிலைநிறுத்தும். அப்படியொரு தலைமுறையை உருவாக்கும் பொறுப்பு பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் நமது நிறுவனங்களுக்கும் உண்டு.