போர்க்களத் தலைக்காய மருத்துவம்

போர்க்களத் தலைக்காய மருத்துவம் என்பது தலையில் கடுமையாகக் காயமுற்ற படைவீரர்களுக்குக் குறைந்த வசதிகளைக் கொண்டு, களத்திற்கு அருகிலேயே அளிக்கப்படும் சிகிச்சை ஆகும். இதன் அடிப்படை முறைகள் பல முதல் உலகப் போரின்போது உருவாயின.

முதல் உலகப் போர்

பதுங்குகுழிப் போரில் வீரர்களின் தலையே அதிகம் இலக்கானது. 1915-இல் எஃகுத் தலைக்கவசங்கள் அறிமுகமாயின. எனினும் குண்டுச் சிதறல்கள் மண்டையோட்டைத் துளைப்பது முற்றிலும் நிற்கவில்லை. சிதறலுடன் எலும்புத் துண்டுகள், முடி, மண் ஆகியவையும் மூளைக்குள் சென்றதால் சீழ்பிடித்துப் பலர் இறந்தனர். அக்காலத்தில் நோய் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் இல்லை.

அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர் ஆர்வி குசிங், 1917-இல் பெல்ஜியத்தில் நடந்த மூன்றாம் ஈப்பர் போரின்போது பிரித்தானியக் கள மருத்துவ நிலையம் ஒன்றில் பணியாற்றினார். அவரது முறையின் கூறுகள்:

- முழு மயக்கத்திற்குப் பதிலாக, காயப் பகுதியை மட்டும் மரத்துப்போகச் செய்தல்.
- உடைந்த எலும்பை ஒரே துண்டாக வெட்டி எடுத்தல்.
- மென்மையான ரப்பர் குழாயால் சிதைந்த மூளைத் திசுவை உறிஞ்சி எடுத்தல். குழாயில் தட்டுப்படும் எலும்புத் துண்டுகளை அகற்றுதல்.
- உலோகச் சிதறல்களைக் காந்தத்தால் வெளியே எடுத்தல்.
- தோலை முழுமையாகத் தைத்து மூடுதல்.

குசிங் 1918-இல் வெளியிட்ட ஆய்வின்படி, மூன்று மாதங்களில் அவரது நோயாளிகளின் இறப்பு விகிதம் 54.5 விழுக்காட்டிலிருந்து 28.8 விழுக்காடாகக் குறைந்தது. ஆனால் இம்முறைக்கு அதிக நேரம் தேவைப்பட்டது. ஒரு மருத்துவக் குழுவால் நாளொன்றுக்குச் சிலருக்கே அறுவை செய்ய முடிந்தது. ஒருவருக்குச் செலவிடும் நேரத்தில் வயிற்றிலோ கை கால்களிலோ காயமுற்ற வேறு பலர் காத்திருக்க வேண்டியிருந்தது. எனவே யாருக்கு முதலில் சிகிச்சை அளிப்பது என்ற முடிவு உயிரைத் தீர்மானிக்கும் முடிவாயிற்று.

இரண்டாம் உலகப் போர்

பிரித்தானியாவில் பணியாற்றிய இயூ கெய்ன்சு, நரம்பியல் அறுவைக் குழுக்களை ஊர்திகளில் களத்திற்கு அருகே அனுப்பும் முறையை ஏற்படுத்தினார். 1943-இல் வட ஆப்பிரிக்காவில் போர்க்காயங்களுக்குப் பெனிசிலின் பயன்படுத்திப் பார்க்கப்பட்டது. அதன்பின் நோய்த்தொற்றைக் கட்டுப்படுத்துவது எளிதாயிற்று.

தற்கால நடைமுறை

அடிபட்ட கணத்தில் மூளைக்கு ஏற்படும் சேதத்தைச் சரிசெய்ய இயலாது. அதன்பின் உயிர்வளிக் குறைவு, இரத்த அழுத்த வீழ்ச்சி, மூளை வீக்கம் ஆகியவற்றால் ஏற்படும் இரண்டாம் நிலைச் சேதத்தைத் தடுக்க முடியும். களச் சிகிச்சையின் நோக்கம் இதுவே. மூச்சுப்பாதையைச் சீராக்குதல், இரத்தப்போக்கை நிறுத்துதல், இரத்த அழுத்தம் வீழ்ச்சியடையாமல் இருந்தால் தலைப்பகுதியை ஏறத்தாழ 30 பாகை உயர்த்தி வைத்தல் ஆகியவற்றுக்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. வீக்கத்தைக் குறைக்கச் செறிவான உப்புக் கரைசல் சிரை வழியே செலுத்தப்படுகிறது. மானிட்டால் மருந்தும் வீக்கத்தைக் குறைக்கும். ஆனால் அது சிறுநீரை மிகுதியாக வெளியேற்றுவதால், இரத்தம் இழந்தவரின் இரத்த அழுத்தம் மேலும் குறையக்கூடும்.

சி.டி. ஸ்கேன் இல்லாத இடங்களில், 1974-இல் வெளியான கிளாசுகோ உணர்வுநிலை அளவீடு உதவுகிறது. கண் திறத்தல், பேச்சு, உடல் அசைவு ஆகிய மூன்றையும் கவனித்து 3 முதல் 15 வரை மதிப்பெண் இடப்படுகிறது. 8 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் கடுங்காயம் எனக் கொள்ளப்படும். மதிப்பெண் குறைந்துகொண்டே வந்தாலோ, ஒரு கண்ணின் பாவை மட்டும் விரிந்தாலோ, நோயாளியை உடனடியாக அறுவை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.